இருவழி ஒலியும் மலிவான அட்டையும்

தொலைபேசியில் இருவர் உரையாடுங்கால், ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மற்றவர் 'ஊம்' கொட்டுவார், இடைமறிப்பார், சிரிப்பார். போலீசாரின் கம்பியில்லாக் கருவியில் இந்தச் சலுகை இல்லை. ஒருவர் சொல்லி முடித்து 'ஓவர்' என்ற பின்னரே மற்றவர் வாய் திறக்கலாம். முன்னதை முழு இருவழி என்றும், பின்னதை அரை இருவழி என்றும் கூறலாம். கணிப்பொறியின் வாயிலாக மனிதக் குரல் கடல் கடக்கத் தொடங்கிய நாளில், எளிய வருவாயினர் எந்த ஒலி அட்டையை வாங்குவது என்னும் வினா இவ்வேற்றுமையைச் சுற்றியே எழுந்தது.

1981இல் ஐ.பி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட சிறு கணிப்பொறிக்கு, 'பீப்' என்று ஒலிக்கும் ஒலிபெருக்கி ஒன்றே வாய்த்திருந்தது. 1987இல் கனடாவிலிருந்து வந்த ஆட்லிப் அட்டை இசையை அளித்தது. ஆயினும் அதற்குச் செவி இல்லை. 1989இல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனத்தார் வெளியிட்ட சவுண்ட் பிளாஸ்டரில் ஒலிவாங்கியைப் பொருத்திக் குரலைப் பதிய முடிந்தது. ஆனால் பதியும்போது அது ஒலிக்காது, ஒலிக்கும்போது பதியாது.

காரணம் எளியதே. அட்டைக்கும் நினைவகத்திற்கும் இடையே ஒலியைச் சுமந்து செல்லும் டி.எம்.ஏ. வழி அதற்கு ஒன்றுதான். ஒற்றையடிப் பாதையில் எதிரெதிராக இரு வண்டிகள் செல்ல இயலாதன்றோ? 1992இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் 16 இரண்டு வழிகளைப் பெற்றிருந்தது. எனினும் அவற்றுள் ஒன்று 8 பிட் வழி, மற்றது 16 பிட் வழி. இரண்டையும் ஒருங்கே ஆண்டால், போகும் குரல், வரும் குரல் இரண்டனுள் ஒன்று 8 பிட்டுக்கு இறங்கியாக வேண்டும். 16 பிட் ஒலியில் 65,536 படிகள். 8 பிட்டில் 256 படிகளே. பேச்சுக்கு இது போதும், இசைக்குப் போதாது. அதே காலத்தில் பெயர் பெறாத சில மலிவு அட்டைகள் சி.எஸ். 4231 என்னும் சில்லைத் தாங்கி வந்தன. அது இரு திசையிலும் 16 பிட் ஒலியைக் கையாள வல்லது. பெட்டியின் மேலிருந்த பெயரைப் பார்த்து வாங்கியோரைவிட, உள்ளிருந்த சில்லின் எண்ணைப் பார்த்து வாங்கியோரே நற்பயன் அடைந்தனர் என்று கருதுகிறோம்.

1995 பிப்ரவரியில் இஸ்ரேலின் வோக்கல்டெக் நிறுவனத்தார் இன்டர்நெட் போன் என்னும் மென்பொருளை வெளியிட்டனர். அயல்நாட்டுத் தொலைபேசிக் கட்டணத்திற்கு அஞ்சியிருந்தோர்க்கு அது வரப்பிரசாதமாயிற்று. ஆனால் அரை இருவழி அட்டை உடையார் 'ஓவர்' முறையிலேயே பேச நேர்ந்தது. துயரச் செய்தியைக் கேட்ட தாய் இடையில் விம்மினாலும் மகனுக்குக் கேளாது. நம் நாட்டில் 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கு இணையம் திறக்கப்பட்டதெனினும், இணையத் தொலைபேசிக்கு அனுமதி கிடைத்தது 2002 ஏப்ரல் 1இல்தான்.

பாடகர்க்கு வேறொரு தேவை. முன்பு பதிந்த சுருதியையும் தாளத்தையும் கேட்டவாறே புதிய குரலைப் பதிய வேண்டும். சிலர் இரு மலிவு அட்டைகளை வாங்கி, ஒன்றைக் கேட்கவும் மற்றொன்றைப் பதியவும் வைத்துக்கொண்டனர். சிக்கனமான யோசனைதான்! ஆனால் ஒவ்வோர் அட்டையிலும் காலம் காட்டும் படிகம் தனித்தனி. அவை பத்து லட்சத்தில் 50 பங்கு வேறுபட்டாலே, ஒரு மணி நேரத்தில் 0.18 விநாடி விலகிவிடும். தாளத்தில் அது நன்றாகவே தெரியும்.

1997இல் என்சோனிக் நிறுவனத்தின் ஆடியோ பி.சி.ஐ. அட்டை வந்தது. பழைய டி.எம்.ஏ. வழிகளை நம்பாத அது, ஒரே வேளையில் ஒலிக்கவும் பதியவும் செய்தது. அடுத்த ஆண்டே கிரியேட்டிவ் அந்நிறுவனத்தை வாங்கி, அதே வகைச் சில்லைத் தன் பெயரிட்ட மலிவு அட்டைகளில் விற்றது. இன்டெல் வகுத்த ஏ.சி. 97 முறை பரவியபின், இருவழி ஒலி தாய்ப்பலகையிலேயே அமைந்துவிட்டது. 2003இல் ஸ்கைப் வந்தபோது, பெரும்பாலோர் கடைக்குச் சென்று வாங்க வேண்டியிருந்தது காதணி ஒலிபெருக்கி ஒன்றே. அதுவும், மேசை ஒலிபெருக்கியின் ஒலி மீண்டும் ஒலிவாங்கியில் புகுந்து எதிரொலியாகத் திரும்பாதிருத்தற்காக.