கேட்டுப் பெற்ற வைத்தியக் கல்லூரி

பிரிட்டிஷ் சர்க்கார் இந்நாட்டுக்குச் செய்த உபகாரங்களைக் கணக்கிட்டுச் சொல்வோர், ரயில் பாதை, தபால், நீதிஸ்தலம் என்று வரிசையாகச் சொல்லி, வைத்தியக் கல்லூரியையும் அவற்றோடு சேர்த்துவிடுவது வழக்கம். சிங்கப்பூரில் 1905ஆம் ஆண்டில் தோன்றி, இன்று அந்நாட்டுத் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கமாக விளங்கும் அந்தக் கல்லூரி, சர்க்கார் தானாக மனமிரங்கி அளித்த கொடை அன்று. பிரஜைகள் மகஜர் எழுதிக் கேட்டார்கள். கேட்டதோடு நில்லாமல் பணமும் கொடுத்தார்கள். அதன் பின்னரே அது கிடைத்தது. கேட்டவர் யார், கேட்கும் நிலையில் இல்லாதிருந்தவர் யார் என்பதைக் கவனித்தால், அக்கல்லூரியின் சரித்திரத்தோடு நமது சரித்திரத்திலும் ஒரு பகுதி விளங்கும்.

யோசனை 1904இல் பிறந்ததன்று. 1889ஆம் ஆண்டிலேயே பிரதம வைத்திய அதிகாரியாக இருந்த டாக்டர் மாக்ஸ் சைமன், இங்கே ஒரு வைத்தியப் பள்ளி தொடங்கலாம் என்றார். மாணாக்கரைத் தேர்ந்தெடுக்கப் பரீட்சை வைத்தார்கள். தேறியவர் இருவரே. ஆங்கில அறிவு போதவில்லை என்று சொல்லித் திட்டத்தை மூடி வைத்தார்கள். அதற்கு மாறாக, இங்குள்ள இளைஞர் சிலரைச் சென்னைக்கு அனுப்பி, அங்கே 1835 முதல் நடந்து வந்த வைத்தியக் கல்லூரியில் படிக்க வைத்தார்கள். சென்னை ராஜதானியிலிருந்து ஆட்களை ஏற்றி வந்து பினாங்கில் இறக்கிய கப்பல்கள், திரும்பும்போது வைத்திய மாணாக்கரை ஏற்றிச் சென்றன எனலாம். கப்பல் ஒன்றுதான், தட்டுத்தான் வேறு.

1904ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் டான் ஜியாக் கிம் என்னும் சீன வர்த்தகர் தலைமையில், சீனரும் ஐரோப்பியரல்லாத பிற சமூகத்தாரும் கவர்னர் சர் ஜான் ஆண்டர்சனுக்கு ஒரு மகஜர் அனுப்பினார்கள். கவர்னர் மறுக்கவில்லை, ஆனால் 71,000 வெள்ளியை நீங்களே திரட்டிக் கொண்டு வாருங்கள் என்று நிபந்தனை போட்டார். கேட்போரின் ஊக்கத்தைச் சோதிப்பதற்கு இதைவிடச் சிறந்த வழி சர்க்காருக்குத் தெரியாது போலும்! சில மாதங்களில் 87,077 வெள்ளி சேர்ந்தது. அதில் 12,000 வெள்ளி டான் ஜியாக் கிம் தம் கையிலிருந்து கொடுத்தது.

1905ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் தேதி வகுப்புகள் தொடங்கின. இடம் சிப்பாய் லைன்ஸ். இந்தியச் சிப்பாய்கள் தங்கிய பாளையமாதலால் வந்த பெயர் அது. கட்டடமோ, சித்தம் கலங்கிய பெண்களை அடைத்து வைத்திருந்த பழைய விடுதி. அதற்கு வெள்ளையடித்துக் கல்லூரி ஆக்கினார்கள். பினாங்கில் வைத்திய அதிகாரியாக இருந்த டாக்டர் ஃப்ரீயர் முதல் தலைவரானார். சேர்ந்த மாணாக்கர் 23 பேர். 1910இல் முதன்முதலாகத் தேறி வெளிவந்தவர்கள் எழுவர்.

இனி 1911ஆம் ஆண்டுக் கட்டடத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். அது தோட்டத்து வாசகர்களுக்கு நேரே சம்பந்தப்பட்டது. மலாக்காவில் டான் சாய் யான் என்றொரு செல்வர் இருந்தார். சிங்கப்பூரில் ஏழைகளுக்கு ஆஸ்பத்திரி கட்டக் காரணமாயிருந்த டான் டோக் செங்கின் பேரர் இவர். 1896இல் மலாக்காவைச் சேர்ந்த புக்கிட் லிந்தாங் என்னுமிடத்தில் ரப்பர் நட்டு, வியாபாரத்துக்காக இந்நாட்டில் ரப்பர் பயிரிட்டவர்களில் முதல்வர் என்று பெயர் பெற்றவர். மரவள்ளியும் காப்பியும் கைகொடாத காலத்தில், யாரும் நம்பாத ஒரு காட்டு மரத்தை நம்பியவர். ரப்பர் விலை உச்சத்துக்கு ஏறிய 1910ஆம் ஆண்டை ஒட்டி, தம் தந்தை டான் டெக் குவான் நினைவாக வைத்தியப் பள்ளிக்குப் புதுக் கட்டடம் எழுப்ப 15,000 வெள்ளி அளித்தார். அக்கட்டடம் இன்றும் சிங்கப்பூரில் நிற்கிறது. கொடுத்தவரின் நல்லெண்ணத்தை யான் குறைத்துப் பேசவில்லை. ஆயினும், அக்காலத்து ரப்பர்ச் செல்வம் என்பது என்ன? விடியுமுன் எழுந்து, கத்தியும் வாளியுமாக மரத்துக்கு மரம் நடந்தவர்களின் உழைப்பன்றோ! அவ்வாறு நடந்தோரில் நம்மவர் எத்தனை ஆயிரம் பேர் என்பதை வாசகர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அவ்வுழைப்பால் விளைந்த பணம் கல்லூரிக்குள் நுழைந்தது. உழைத்தவன் பிள்ளை நுழையவில்லை.

ஏன் நுழையவில்லை? சாதி பார்த்தோ நிறம் பார்த்தோ மாணாக்கரை வாசலில் நிறுத்தினார்கள் என்று சொல்ல முடியாது. தமிழர் பலர் அங்கே படித்துத் தேறினர். அவர்கள் பெரும்பாலும் நகரத்து உத்தியோகஸ்தர் வீட்டுப் பிள்ளைகளும், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வே, கச்சேரி வேலைகளில் அமர்ந்தோரின் பிள்ளைகளும் ஆவர். வாசல் திறந்தே இருந்தது. அதற்குச் செல்லும் பாதை முழுவதும் ஆங்கிலப் பள்ளியின் வழியாகச் சென்றது. ஆங்கிலப் பள்ளி பட்டணத்தில். சம்பளம் கட்டவேண்டும், போக வர வழி வேண்டும், சீனியர் கேம்பிரிட்ஜ் வரையில் பிள்ளையை வேலைக்கு அனுப்பாமல் வைத்திருக்கவும் வேண்டும். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப்பேர் இருக்கும் தோட்டத்தில் முதலாளி பள்ளி வைக்கவேண்டும் என்று விதித்தது. வைத்தார்கள். ஒரு கொட்டகை, ஓர் ஆசிரியர், சில வகுப்பு. பல இடங்களில் கங்காணியோ டிரஸரோதான் உபாத்தியாயர். அங்கே தமிழ் எழுதப் படிக்கக் கற்ற பிள்ளைக்கு அடுத்த படி என்று ஒன்று இல்லை. ஆங்கிலப் பள்ளியில் பயின்று, தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதிப் பிழைப்பவன் யான். ஆகையால் ஆங்கிலத்தின்மேல் கோபங்கொண்டு இதை எழுதுவதாக யாரும் எண்ணவேண்டாம். படிக்கட்டில் நடுப்படிகளை எடுத்துவிட்டு, மேல்மாடி எல்லோருக்கும் பொது என்று சொன்ன நியாயத்தையே சொல்கிறேன்.

லயத்தில் இருந்தவனுக்கு வைத்தியம் என்பது கல்லூரியில் தேறிய டாக்டராக வரவில்லை. தோட்டத்து டிரஸராகவே வந்தது. கொய்னா கொடுப்பவரும் அவரே, புண் கட்டுபவரும் அவரே, வேலைக்குப் போகத் தகுதி உண்டா இல்லையா என்று சீட்டு எழுதுபவரும் அவரே. டாக்டர் பல தோட்டங்களுக்குப் பொதுவாக, எப்போதாவது வந்து போனார். கிள்ளானில் 1901 முதல் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலங்களை வடித்துக் கொசுவை ஒழித்து மலேரியாவைக் குறைத்துக் காட்டினார். மருந்துப் புட்டியைவிட மண்வெட்டி அதிக உயிரைக் காப்பாற்றியது என்பதற்கு அது சான்று. அந்த மண்வெட்டியைப் பிடித்த கைகளில் தமிழர் கை எத்தனை!

கல்லூரியின் பெயர் மாறி மாறி வந்தது. டாக்டர் லிம் பூன் கெங் முன்னின்று திரட்டிய ஏழாம் எட்வர்ட் மன்னர் நினைவு நிதியிலிருந்து 1912இல் சுமார் 1,20,000 வெள்ளி கிடைத்தது. மறுவருஷம் பள்ளி மன்னர் பெயரை ஏற்றுக்கொண்டது. 1916இல் லண்டன் வைத்தியக் கவுன்சில் அதன் பட்டத்தை அங்கீகரித்தது. 1921இல் அது ஏழாம் எட்வர்ட் வைத்தியக் கல்லூரி ஆயிற்று. 1926இல் தூண்கள் வரிசையாக நிற்கும் பெரிய கட்டடம் எழுந்தது. இக்காலத்தில் சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சு இருப்பது அதில்தான். 1929இல் பல் வைத்தியம் சேர்ந்தது. மருந்து கலக்கும் சாஸ்திரமும் தனிப் பிரிவாக வளர்ந்தது. பட்டத்துக்கு லண்டன் அங்கீகாரம் கிடைத்தும், தேறியவர்களுக்குச் சர்க்கார் ஆஸ்பத்திரியில் நெடுங்காலம் கிடைத்தது உதவி டாக்டர் உத்தியோகமே. மேலே வெள்ளையர், கீழே நம்மவர். கத்தி பிடிக்கும் திறமையில் வித்தியாசம் இருந்ததோ இல்லையோ, சம்பளத்தில் இருந்தது.

மாதர் விஷயம் தனியே சொல்லத்தக்கது. லீ சூ நியோ என்னும் சீன மாது 1919இல் தேறி, சிங்கப்பூரில் தொழில் நடத்திய முதல் பெண் டாக்டரானார். பெண்களைப் பூட்டி வைத்த விடுதியில் தொடங்கிய கல்லூரி பெண்களுக்கு வழிவிட்டது என்று மகிழலாம். ஆனால் அறுபது ஆண்டு கழித்து, சுதந்திர சிங்கப்பூரில், 1979ஆம் ஆண்டு முதல் வைத்திய மாணாக்கரில் பெண்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது என்று வரம்பு கட்டினார்கள். மணமானபின் பெண் டாக்டர் தொழிலை விட்டுவிடுவாள் என்பது சொன்ன காரணம். பிள்ளை வளர்ப்பது தாய் ஒருத்தியின் கடமை என்ற மனுநீதியைப் புதுக் கணக்குப் புத்தகத்தில் எழுதிக் காட்டினார்களேயன்றி வேறில்லை. அவ்வரம்பு 2003இல்தான் நீங்கிற்று. இடைப்பட்ட 24 ஆண்டுகளில் தகுதியிருந்தும் திருப்பி அனுப்பப்பட்ட பெண்களுக்கு யார் ஈடு செய்வது?

யுத்தம் வந்தது. 1942ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் தேதி, சிங்கப்பூர் விழுவதற்கு முந்திய நாள், குண்டடிபட்டு ஒரு மாணாக்கன் இறந்தான். அவன் உடலைக் கல்லூரி வளவிலேயே அடக்கம் செய்ய நண்பர்கள் கூடியபோது ஜப்பானியரின் குண்டுகள் அங்கேயே விழுந்தன. மேலும் 11 மாணாக்கர் மாண்டனர். பின்னர் கல்லூரிக் கட்டடத்தை ஜப்பானிய ராணுவம் நோய்க்கிருமி வேலைகளுக்கு எடுத்துக்கொண்டது. நோய் தீர்க்கக் கற்பித்த சுவர்களுக்குள் இவ்வேலை நடந்ததை நினைக்கவே மனம் கூசுகிறது. அந்நாட்களில்தான் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோன நம்மவர் ஆயிரம் ஆயிரமாக மலேரியாவிலும் வாந்திபேதியிலும், டாக்டர் முகம் பாராமலே மடிந்தனர்.

1946இல் கல்லூரி மீண்டும் திறந்தது. 1949ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் தேதி ராஃபிள்ஸ் கல்லூரியோடு இணைந்து மலாயாப் பல்கலைக்கழகம் ஆயிற்று. கல்லூரித் தலைவராக இருந்த டாக்டர் ஆலன் அதன் முதல் துணைவேந்தர். 1962இல் பல்கலைக்கழகம் இரண்டாகப் பிரிந்தபோது வைத்தியம் சிங்கப்பூரோடு நின்றுவிட்டது. கோலாலம்பூரில் எல்லாம் புதிதாகத் தொடங்கவேண்டியிருந்தது. அப்பொறுப்பை ஏற்று, 1964இல் முதல் மாணாக்கரைச் சேர்த்த வைத்தியப் பிரிவின் முதல் தலைவர் நம்மவரான டாக்டர் டி. ஜே. தனராஜ். சிங்கப்பூரிலோ, யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் வளர்ந்த டாக்டர் எஸ். எஸ். ரத்தினம் தலைமையில், அந்நாட்டில் முதன்முறையாகச் சோதனைக்குழாய் முறையில் கருவான குழந்தை 1983இல் பிறந்தது.

1980களில் சிங்கப்பூர்க் கல்லூரி கெண்ட் ரிட்ஜ் குன்றுக்குக் குடிபெயர்ந்தது. 1985இல் பக்கத்திலேயே பல்கலைக்கழக ஆஸ்பத்திரி திறந்தது. 2005இல் யோங் லூ லின் அறநிதி 10 கோடி வெள்ளி கொடுக்க, கல்லூரி அவர் பெயரை ஏற்றது. பழைய மாணாக்கர் சிலர் இதை ஒப்பவில்லை. 87,077 வெள்ளி கொடுத்தவர்கள் தம் பெயரைப் பள்ளிக்கு இடச் சொல்லவில்லை என்பது அவர்களுக்கு நினைவு வந்திருக்கும். 2006இல் தாதியர் தொழிலும் பட்டப்படிப்பாக அங்கே தொடங்கியது. டாக்டருக்குப் பின்னால் நூறாண்டு நின்ற பின்னரே தாதிக்கு அந்த வாசல் கிடைத்தது.

நம்மவர் கூட்டாகக் கேட்டுக் கட்டியது மிகவும் பிந்தி வந்தது. மலேசிய இந்தியக் காங்கிரஸின் கல்விப் பிரிவு 2001இல் கெடாவில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தைத் தொடங்கிற்று. அதற்கு நன்கொடை அளித்தவர்களில் எளியோரும் உண்டு. வைத்தியம், பல் வைத்தியம், மருந்தியல் ஆகியவை அங்கே கற்பிக்கப்படுகின்றன. கடனுதவியும் கிடைக்கிறது. வைத்தியப் படிப்பு ஐந்தாண்டு. அதன் கட்டணம், பால் வெட்டும் ஒருவர் ஐந்தாண்டில் வாங்கும் சம்பளத்தைவிட அதிகம்.