பாமாயில் கழிவில் மின்சாரம்: சலுகை கொடுத்தும் மலேசியா தடுமாறியது ஏன்?

நம் வீட்டு பாமாயிலில் பெரும்பகுதி இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து வருகிறது. ஒரு டன் செம்பனைக் குலையை ஆலையில் போட்டால் கிடைக்கும் எண்ணெய் சுமார் 200 கிலோதான். மிச்சம்? காய் உதிர்த்த வெறுங்குலை சுமார் 220 கிலோ, நார் 130 கிலோ, கொட்டை ஓடு 60 கிலோ. இதை எரித்து மின்சாரம் எடுக்கலாமே என்று மலேசியா 20 வருடங்களுக்கு முன்பே யோசித்தது.

முதல் முயற்சி என்ன ஆச்சு?

2001-ல் சிறு புதுப்பிக்கத்தக்க மின்திட்டம் வந்தது. 10 மெகாவாட் வரை கிரிட்டுக்கு விற்கலாம். 21 ஆண்டுகளுக்கு உரிமம். கூடவே வருமான வரிச் சலுகை, இயந்திரங்களுக்கு இறக்குமதி வரி விலக்கு. 2005-க்குள் நாட்டின் மின்சாரத்தில் 5% இந்த வழியில் வரவேண்டும் என்பது இலக்கு. ஆனால் அந்த ஆண்டு முடிவில் கிரிட்டுக்கு வந்தது வெறும் 12 மெகாவாட்!

சிக்கல் எங்கே?

முதலில், விலை. தொடக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு 17 சென்தான். பிறகு 21 சென் வரை உயர்ந்தது. அடுத்தது, தூரம். ஆலைகள் தோட்டங்களுக்குள் இருக்கின்றன. கிரிட் வரை லைன் இழுக்கும் செலவு பெரும்பாலும் ஆலைக்காரர் தலையில்தான். மூன்றாவது, ஈரம். வெறுங்குலையில் சுமார் 65% தண்ணீர். பிழிந்து, நறுக்கி, காய வைத்தால்தான் ஒழுங்காக எரியும்.

பிறகு என்ன மாற்றினார்கள்?

2011-ல் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டம் வந்தது. 10 மெகாவாட் வரையிலான பயோமாஸ் ஆலைக்கு யூனிட்டுக்கு 31 சென், 16 ஆண்டுகளுக்கு. பணம் எங்கிருந்து? மின்கட்டண பில்லிலிருந்து. முதலில் 1%, 2014 முதல் 1.6%. மாதம் 300 யூனிட்டுக்குள் பயன்படுத்தும் வீடுகளுக்கு விலக்கு. அதாவது, இந்தச் சலுகையின் செலவு மற்ற நுகர்வோர் மேல் விழுந்தது.

அப்போதும் ஒரு போட்டி காத்திருந்தது. 2012-ல் ஜப்பான் பயோமாஸ் மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 24 யென் தரத் தொடங்கியது. மலேசிய விலையைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம். ஈரம் குறைவான, நன்றாக எரியும் கொட்டை ஓடு கப்பலேறியது. உள்ளூரில் தங்கியது ஈரமான வெறுங்குலை. அதையும் தோட்டத்துக்கே உரமாகப் போட்டால் உரச்செலவு மிச்சம். அப்புறம் ஆலைக்காரர் எதற்கு மின்சாரம் பக்கம் வரவேண்டும்?

இந்தியாவுக்கு இதில் என்ன?

2021-ல் 11,040 கோடி ரூபாய் மதிப்பில் பாமாயில் இயக்கத்தை மத்திய அரசு அறிவித்தது. 2025-26-க்குள் 10 லட்சம் ஹெக்டேர் என்பது இலக்கு. தோட்டம் பெருகினால் ஆலையும் பெருகும், கழிவும் பெருகும். 2022-ல் வந்த தேசிய உயிரி எரிசக்தித் திட்டம், கரும்புச் சக்கை அல்லாத கழிவில் இயங்கும் இணை மின் உற்பத்திக்கு மெகாவாட்டுக்கு 40 லட்சம் ரூபாய் வரை உதவி அறிவித்தது. இது கட்டும்போது ஒருமுறை கிடைக்கும் பணம். யூனிட் விலை, கிரிட் லைன், கழிவை வேறு எங்கே விற்கலாம் என்ற கணக்கு எல்லாம் அதன் பிறகும் இருக்கும். மலேசியா இடறியது அந்த மூன்றில்தான்.