கரையூரும் குருநகரும்

யாழ்ப்பாணத்துக் குருநகர் வீதியோரப் பெயர்ப்பலகையைக் காட்டி, "குருமார் நிறையப் பிறந்த ஊர், அதுதான் குருநகர்" என்றார் ஓர் அன்பர். பலகையில் வரலாறு படிப்போருக்கு இது போதும். இளவாலையிலும் கத்தோலிக்கக் குருமார் பிறந்தார்கள். அதைக் குருநகர் என்றார் உண்டா?

இன்னொருவர் தனித்தமிழ் ஆர்வலர். குருகுகள் மேய்ந்த நகர் என்பது அவர் கட்சி. குருகு நெய்தற்பறவைதான், கபிலரின் குறுந்தொகைத் தலைவிக்குக் களவு மணச் சாட்சியும் அதுவே. ஆனால் 'குருகுநகர்' குருநகரானபோது இடையிலிருந்த 'கு' எங்கே பறந்தது? குரு என்றால் நிறம் என்ற தொல்காப்பிய உரிச்சொல்லைக் கொண்டுவருவோரும் உண்டு. அவர்களுக்குப் பதில் வேண்டியதில்லை.

இவ்வூரின் பழம்பெயர் கரையூர். கரை என்ற சொல்லுக்கு விளக்கம் வேண்டாம்; கரையார், கரைவலை என்று தொழிலும் குடியும் அதிலேயே நிற்கின்றன. கடலோர ஊருக்குப் பழைய நூலோர் தந்த ஈறுகள் பாக்கமும் பட்டினமும். நகர் என்றால் சங்கத்தார்க்குப் பெரும்பாலும் மாளிகை அல்லது கோயில். மீன்பிடி ஊருக்கு அதைச் சூட்டுவது பிற்காலத்தார் மோகம். காரைதீவு காரைநகரானதும் இந்த வகைதான். ஆக 'நகர்' வந்த கையோடு வந்ததே 'குரு'வும் என்பேன்.

அந்தக் குரு, பாரதத்துக் குரு. கரையார் தம்மைக் குருகுலத்தார் என்பார்கள். சிங்களக் கரையோரத்துக் கராவ மக்களும் கௌரவர் வழி என்றே உரிமை கொண்டாடுகிறார்கள். இரு மொழிக் கரையிலும் ஒரே மரபுக்கதை ஓடும்போது குருமாரை ஏன் தேட வேண்டும்? வருணகுலம் என்றும் கரையாருக்கு ஒரு பெயர் உண்டு. நெய்தலுக்கு வருணனைத் தெய்வமாக்கியது தொல்காப்பியம். என்னைக் கேட்டால் குருகுலத்தைவிட அதுவே பொருத்தம். ஊருக்குப் பெயர் வைத்தவர்கள் என்னைக் கேட்கவில்லை.

ஆங்கிலப் பலகையில் 'ஜீ' எழுத்து இருக்கிறதே, அது ஆசிரியக் குருவல்லவா என்பார்கள். வடமொழியில் குலத்துக் குருவுக்கு வல்லொலி, ஆசிரியக் குருவுக்கு மெல்லொலி என்பது உண்மை. தமிழனுக்கு இரண்டுக்கும் ஒரே ககரம். வாயில் புழங்கிய ஒலியைப் பலகைக்காரன் எழுதிவிட்டுப் போனான். அவன் தூரிகை இலக்கணமாகாது.

பலகையும் சில நேரம் வரலாறு சொல்லும். அதற்குப் பக்கத்திலேயே நல்ல சான்று ஒன்று நிற்கிறது: றெக்கிளமேசன் வீதி. கடலைத் தூர்த்து நிலமாக்கிய கதையை அந்த ஆங்கிலச் சொல் ஒளிக்காமல் சொல்கிறது. கரை விலகிப்போனதற்கு வீதிப்பலகை உண்டு, கரையூருக்கு இல்லை.

பழைய பெயரையும் பலகையில் எழுதுங்கள் என்று கேட்கத்தான் இதைத் தொடங்கினேன். ஆனால் 1986 ஜூன் 10 அன்று மண்டைதீவுக் கடலில் கொல்லப்பட்டவர்களைக் குருநகர் மீனவர் என்றே நினைவுகூருகிறார்கள். 1993 நவம்பர் 13 அன்று குண்டு விழுந்ததும் குருநகர் யாகப்பர் கோயிலில்தான். அந்தப் பெயரை அழிக்கச் சொல்ல எனக்கு வாய் வராது. அதன் கீழே, சிறிய எழுத்திலாவது, கரையூர் என்று இருக்க வேண்டும். குரு குருகுலமே, அதில் எனக்கு ஐயமில்லை.