கஞ்சித்தொட்டியும் மணியக்காரர் சத்திரமும்

போரில் மடிந்த வீரர்தம் குடும்பத்தார்க்கு உதிரப்பட்டி என்னும் பெயரால் நிலம் வழங்கப்பட்டதைக் கல்வெட்டுகள் தெரிவிக்கின்றன. நோயாளிகளுக்குப் பதினைந்து படுக்கைகளுடன் திருமுக்கூடலில் ஆதுலர்சாலை நடைபெற்றமையை வீரராசேந்திரன் காலக் கல்வெட்டால் அறிகிறோம். வீரர்க்கும் எளியோர்க்கும் செய்யப்பெற்ற இவ்விருவகை அறங்களும் கும்பினியார் காலச் சென்னையில் எவ்வாறு அமைந்தன என்பது ஆராயத்தக்கது.

1664ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் எட்வர்டு வின்டர் முயற்சியால் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் ஒரு சிறு மருத்துவமனை தோன்றியது. கும்பினிப் படைவீரருள் நோயுற்றோர்க்கென்றே அது அமைந்தது. 1772இல் இன்றைய இடத்திற்கு வந்து, பின்னர் சென்னைப் பொது மருத்துவமனையாக வளர்ந்தது. ஆயினும் இந்தியர்க்கு அதன் கதவு திறந்தது 1842இல்தான். இவ்விடைவெளி சிறிதன்று.

1780இல் ஐதர் அலியின் படை கர்நாடகத்துள் புகுந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கும்பினிப் படை பெருந்தோல்வி கண்டது. ஊர்கள் பாழாயின, உழவு நின்றது, பஞ்சம் தொடர்ந்தது. அடைக்கலம் தேடிச் சென்னைக்கு வந்தோர்க்கு 1782இல் கஞ்சி வார்க்க ஏற்பாடாயிற்று. அதற்கு இடமாகிய சத்திரம் ஊர் மணியக்காரர் பெயரால் வழங்கியது. ஆங்கிலேயர் நாவில் மணியக்காரர் ‘மானிகர்’ ஆனார். ஆவணங்களிலும் அத்திரிபே நிலைத்தது. 1799இல் மருத்துவர் ஜான் அண்டர்வுட் அங்கு இந்தியர்க்கான நோயாளர் விடுதியைத் தொடங்கினார்.

ஆக, ஒரே போரில் அடிபட்ட இருசாராருள் படைவீரனுக்கு மருத்துவமனை முன்னரே இருந்தது. நிலமிழந்த உழவனுக்கு முதலில் கிடைத்தது கஞ்சி, மருந்து பதினேழாண்டு கழித்தே வந்தது. சத்திரத்தைக் கும்பினியின் கொடைச் சிறப்பாக மட்டும் எழுதுவோர் இக்கால முறையைக் கருதுவதில்லை.

அவ்விடுதியின் வழிவந்த மருத்துவமனை ஆளுநர் ஸ்டான்லியின் பெயரைப் பெற்றது. 1938இல் அங்கு மருத்துவக் கல்லூரி அமைந்தது. வடசென்னை மக்களோ அதனைக் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்றே அழைத்துவந்தனர். ஆளுநர் பெயர் பலகையில் ஏறிய பின்னும் பஞ்சத்தின் பெயர் பேச்சில் மறையவில்லை. இடப்பெயராய்வில் இத்தகைய வழக்குப் பெயர்களைக் கொச்சை எனத் தள்ளிவிடும் போக்கு உண்டு. இங்கு அக்கொச்சையே நிறுவனத்தின் தோற்றத்தைச் சொல்கிறது. மருத்துவமனை தனியே பிரிந்து வளர்ந்தபின், மணியக்காரர் சத்திரம் ஆதரவற்ற முதியோர்க்கு உறைவிடமாய் இராயபுரத்தில் தொடர்ந்தது.