நாமத்திலே, நாமத்தினாலே: திருமுழுக்கு வாய்பாட்டில் ஒரு வேற்றுமை உருபும் இலண்டன் திருத்தமும்

திருமுழுக்கு அளிக்கும்போது குரு சொல்லும் வாய்பாடு மிகச் சிறியது. அதற்குரிய மறைநூல் ஆதாரமாக மத்தேயு 28:19 காட்டப்படுகிறது. அங்கே பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என மூவர் சுட்டப்பெறுகின்றனர். திருத்தூதர் பணிகள் நூலிலோ (2:38, 8:16, 10:48, 19:5) இயேசுவின் பெயர் மட்டுமே வருகிறது. இவ்விரண்டையும் எவ்வாறு இணைத்துப் படிப்பது என்னும் வினா பழமையானது. தமிழில் இவ்வினாவைக் கூர்மையாக்கியதில் ஒரு வேற்றுமை உருபுக்கும் பங்குண்டு என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

மத்தேயுவின் கிரேக்க மூலத்தில் ‘பெயர்’ என்னும் சொல்லுக்கு முன் ‘எய்ஸ்’ என்னும் இடைச்சொல் நிற்கிறது. ‘உள்ளே’, ‘நோக்கி’ என்பன அதன் அடிப்படைப் பொருள்கள். அக்காலக் கிரேக்கப் பாப்பிரசு ஆவணங்களில் ஒரு தொகையையோ பொருளையோ ஒருவருடைய கணக்கில் சேர்ப்பதைக் குறிக்கவும் இத்தொடர் வழங்கியது. திருத்தூதர் பணிகள் 8:16, 19:5 ஆகிய இடங்களிலும் இதே ‘எய்ஸ்’ வருகிறது. 2:38, 10:48 ஆகியவற்றில் மட்டும் வேறு இடைச்சொற்கள் உள்ளன.

1611இல் இலண்டனில் அச்சான ஆங்கில வேதாகமம் இவ்வேறுபாட்டைக் காட்டவில்லை. ஐந்து இடங்களிலும் ‘இன்’ என்றே பெயர்த்தது. 1662ஆம் ஆண்டின் ஆங்கிலத் திருச்சபை வழிபாட்டு நூலும் அவ்வாறே வாய்பாட்டை அமைத்தது. 1870 சூன் மாதம் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தைச் சார்ந்த எருசலேம் கூடத்தில் புதிய ஏற்பாட்டுத் திருத்தக் குழு கூடியது. 1881இல் வெளிவந்த அதன் திருத்தம் மத்தேயு 28:19, திருத்தூதர் பணிகள் 8:16, 19:5 ஆகிய மூன்றிடங்களிலும் ‘இன்டூ’ என மாற்றியது. ஏனைய இரண்டிலும் ‘இன்’ என்பதையே நிறுத்தியது. கிரேக்கத்தில் ஒன்றாக இருந்தவை ஆங்கிலத்திலும் ஒன்றாயின.

தமிழ் நிலை வேறு. 18ஆம் நூற்றாண்டின் பெப்ரீசியசு மரபைத் தழுவி, ஹென்றி பவர் தலைமையில் உருவான ஐக்கியத் திருப்புதல் 1871இல் முழு வேதாகமமாக வெளிவந்தது. அப்போது இலண்டன் குழு தன் பணியைத் தொடங்கி ஓராண்டே ஆகியிருந்தது. ஆகவே அதன் முடிவுகள் தமிழ்ப் பெயர்ப்பாளர் கைக்கு எட்டியிருக்க வழியில்லை. இன்றும் பரவலாக வாசிக்கப்படும் அத்திருப்புதலில் மத்தேயுவில் ‘நாமத்திலே’ என ஏழாம் வேற்றுமையும், திருத்தூதர் பணிகளில் ‘நாமத்தினாலே’ என மூன்றாம் வேற்றுமையும் அமைந்துள்ளன. ஆனால் உரோமையர் 6:3இல் அதே ‘எய்ஸ்’ இடைச்சொல் ‘இயேசுவுக்குள்ளாக’ என மூலத்தோடு ஒட்டிப் பெயர்க்கப்பட்டுள்ளது. ஒரே கிரேக்கச் சொல் தமிழில் மூன்று உருவம் பெற்றது.

வேற்றுமைகள் தம்முள் மயங்குவது தமிழ் இயல்பே. தொல்காப்பியம் அதற்கென வேற்றுமைமயங்கியல் என ஓர் இயலே வகுத்துள்ளது. ஆகவே இதைப் பெயர்ப்பாளரின் பிழை எனக் கடிந்துரைக்க வேண்டியதில்லை. எனினும் வாசகர் அதைக் கோட்பாட்டு வேறுபாடாகக் கொள்ளும்போது விளைவு பெரிது. 1913, 1914ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் பெந்தெகொஸ்தே இயக்கத்திலிருந்து கிளைத்த ஒரு பிரிவு, இயேசுவின் பெயரால் மட்டுமே முழுக்கு அளிக்க வேண்டும் எனக் கற்பித்து, முன்பு மூவர் பெயரால் முழுக்குப் பெற்றவர்க்கும் மீண்டும் முழுக்கு அளித்தது. அவ்வழக்கு தமிழரிடையேயும் பரவியது. ஒருவர் குழந்தையாகவோ வளர்ந்த பின்போ பெற்ற திருமுழுக்கு செல்லுமா என்பது அவருக்கு இலக்கண வினா அன்று, வாழ்வின் வினா. ‘மத்தேயுவின் சொல்லமைப்பு வேறு, திருத்தூதர்களின் சொல்லமைப்பு வேறு’ என அவர் தமிழ் உருபுகளைக் காட்டி வாதிட்டால், அவ்வாதத்திற்கு மூலத்தின் துணை முழுமையாக இல்லை.

தொடக்ககாலச் சான்று ஒன்றும் இங்குக் கருதத்தக்கது. 1873இல் கான்ஸ்டான்டிநோபிளில் கண்டெடுக்கப்பட்டு 1883இல் வெளியான ‘திதக்கே’ என்னும் பழங்கிரேக்க நூல், ஏழாம் இயலில் மூவர் பெயரால் முழுக்கு அளிக்கச் சொல்கிறது. ஒன்பதாம் இயலில் முழுக்குப் பெற்றவரை ஆண்டவரின் பெயருக்குள் முழுக்குப் பெற்றவர் என்கிறது. ஈரிடத்தும் ‘எய்ஸ்’ என்பதே வருகிறது. அந்நூலைத் தொகுத்தவர் இவ்விரு வழக்குகளையும் பகையாகக் கருதவில்லை.

1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் ஐந்து இடங்களிலும் ‘பெயரால்’ என ஒரே உருபைக் கையாண்டு தமிழில் இருந்த பிளவை நீக்கியது. ஆயினும் ‘எய்ஸ்’ உணர்த்தும் உரிமைப் பொருள் அதில் வெளிப்படவில்லை. நிலத்தை ஒருவர் ‘பெயருக்கு’ மாற்றினர் என்னும் அன்றாடத் தமிழ் வழக்கு அப்பொருளுக்கு நெருங்கியது. நான்காம் வேற்றுமை அங்கே உரிமை மாற்றத்தைக் குறிக்கிறது. திருமுழுக்கும் முழுக்குப் பெறுபவரை மற்றொருவர்க்கு உரியவர் ஆக்குவதே.

மத்தேயு 28:19ஐக் கொண்ட மிகப் பழைய கிரேக்கப் படிகளுள் இரண்டு இன்று இலண்டனில் பிரித்தானிய நூலகத்தில் உள்ளன: 1627இல் இங்கிலாந்தை அடைந்த அலெக்சாந்திரியப் படியும், 1933இல் சோவியத்து அரசிடமிருந்து வாங்கப்பட்ட சீனாய்ப் படியும். இவ்விரண்டிலும் மூவர் பெயரும் ‘எய்ஸ்’ என்னும் இடைச்சொல்லும் உள்ளன. மூவர் பெயரா, ஒருவர் பெயரா என்னும் கோட்பாட்டு வினாவை ஓர் உருபு தீர்த்துவிடாது. ஆனால் ஒருவர் பெற்ற திருமுழுக்கைச் செல்லாதது என உரைக்குமுன், வேறுபாடு மூலத்தினுடையதா மொழிபெயர்ப்பினுடையதா எனத் தெளிதல் கடன்.