எல்லையோரத்துச் சரித்திரச் சின்னங்கள்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் இருப்புப்பாதையில், நெய்யாற்றின்கரையைக் கடந்து சற்றுத் தூரம் சென்றால் தனுவச்சபுரம் என்னும் சிறு நிலையம் வரும். அதற்கு அடுத்தது பாறசாலை. அதற்கும் அப்பால் தமிழ்நாடு. 1979-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இப்பாதை வழியே தில்லியிலும் மும்பையிலும் வாழும் நம்மவர் பலர் விடுமுறைக்குக் கன்னியாகுமரி செல்கின்றனர். ஆனால், நம் சரித்திரத்தின் அரிய ஏடு ஒன்று விரிந்து கிடக்கும் இவ்விடத்தில் அவர்கள் பெரும்பாலும் படுக்கையைச் சுருட்டிக் கட்டுவதிலேயே முனைந்திருப்பர். நாமும் பல ஆண்டுகள் அவ்வாறே சென்றவர்தாம்.

தனுவச்சபுரத்தில் நமக்கு உறவினர் உண்டு. சென்ற ஆண்டு அங்குச் சில நாள் தங்கியிருந்தபோது, வயது முதிர்ந்த நம் மாமா ஒரு மாலைப்பொழுதில் திண்ணையில் அமர்ந்தபடி, "கொட்டாரம் அங்க, ராசா இங்க, வாள் மட்டும் வருசத்துக்கு ஒருக்க ரோட்டு வழியா வருது, மக்களே!" என்றார். அவர் விளையாட்டாகச் சொன்ன சொல்லின் பொருளை நாம் முழுதும் உணர்ந்துகொள்ள நான்கு நாள் அலைய வேண்டியதாயிற்று.

1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவாரியாகத் திருத்தி அமைக்கப்பட்டன. திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்திலிருந்து தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும், செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நெய்யாற்றின்கரைத் தாலுகாவையும் கேட்டது, அது கிடைக்கவில்லை. எனவே தனுவச்சபுரமும் பாறசாலையும் கேரளத்திலேயே நின்றன. மக்களைப் பிரித்தாயிற்று, நிலத்தை அளந்தாயிற்று. ஒரு ராஜ்யத்தின் பழம்பெரும் சின்னங்களை எங்ஙனம் பிரிப்பது?

கல்குளம் தாலுகாவிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனைக்கு நேர்ந்த கதை இதற்கு விடை கூறும். தனுவச்சபுரத்திலிருந்து முப்பது கிலோமீட்டர் தொலைவிற்குள்ளேயே உள்ள இவ்வரண்மனை நிற்கும் மண் தமிழ்நாட்டுடையது. அரண்மனையோ கேரள அரசின் தொல்பொருள் துறையின் பொறுப்பில் உள்ளது. வாயிலுக்கு வெளியே தமிழ்நாட்டுக் காவலரும் உள்ளே கேரளத்து ஊழியரும் இருக்கக் காண்பது புதிதாய் வருவோர்க்கு வியப்பாகவே இருக்கும். ஆயினும் இந்த ஏற்பாட்டைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. அரண்மனை நன்றாகப் பேணப்படுகிறது என்பதே முதன்மையான செய்தி.

திருவிதாங்கூரின் தலைநகரம் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை இங்குதான் இருந்தது. 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்ட வர்மர், 1750-இல் தம் ராஜ்யம் முழுவதையும் ஸ்ரீ பத்மநாப சுவாமிக்கு அர்ப்பணம் செய்து, அவர் அடியவராகவே ஆட்சி புரிந்தார். அரண்மனையைப் புதுக்கிப் பெருக்கியவரும் அவரே. ஐரோப்பிய அரண்மனைகளைப் படத்தில் பார்த்துப் பழகியவர்க்கு இது முதலில் ஏமாற்றத்தையே அளிக்கும். பொன்னும் பளிங்கும் இங்கில்லை. மரமும் ஓடுமே உள்ளன. பூமுகத்தின் மேற்கூரையிலோ தச்சன் தன் உளியால் மலர்களையெல்லாம் பூக்கச் செய்திருக்கிறான். மந்திரசாலையில் மரச்சட்டங்களின் வழியே நுழையும் ஒளி தண்ணிழலாய்ப் பரவுகிறது. கண்ணாடி போல் மின்னும் கருந்தரை, சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டையின் வெண்கரு முதலியவற்றைச் சேர்த்து இழைத்தது என்பர். தாய்க்கொட்டாரத்தில் பலா மரத்தூண் ஒன்று உண்டு. அதன் அடியிலிருந்து முடி வரை வேலைப்பாடு செறிந்திருக்கிறது. அதன் முன்னே நாம் அரை மணி நேரம் நின்றோம். உடன் வந்தவர்க்குப் பொறுமை போய்விட்டது. ஆயிரம் பேருக்கு அன்னமிட்ட ஊட்டுப்புரையும், ஊறுகாய் இட்டு வைத்த பெருஞ்சாடிகளும், கல் தூண்கள் நிரம்பிய நவராத்திரி மண்டபமும், உப்பிரிகை மாளிகையின் மேல்மாடச் சுவரோவியங்களும் தனித்தனியே காணத் தக்கவை. திங்கட்கிழமை விடுமுறை, அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நலம்.

அருகிலேயே உதயகிரிக் கோட்டை. 1741-இல் குளச்சலில் டச்சுக் கம்பெனியின் படையை மார்த்தாண்ட வர்மர் முறியடித்தார். டச்சுப்படையில் பணியாற்றிச் சிறைப்பட்ட டிலனாய் என்னும் வீரர், பின்னர் மன்னரின் நம்பிக்கைக்கு உரியவராகித் திருவிதாங்கூர்ச் சேனைக்கே பயிற்சி அளித்தார். 1777-இல் மறைந்த அவரது கல்லறை கோட்டைக்குள்ளே, கூரையற்ற ஒரு தேவாலயத்தில் இருக்கிறது. அதன் மீது இரண்டு மொழிகளில் எழுத்துகள் உள்ளன. ஒன்று லத்தீன், மற்றொன்று தமிழ். நாள்தோறும் மொழிபெயர்ப்பிலேயே காலங்கழிப்பவர் நாம். ஆதலால் இக்கல்லை எளிதில் விட்டு அகல முடியவில்லை. கடல் கடந்து வந்த ஒருவர்க்கு இந்நாட்டார் இறுதி மரியாதை செய்தபோது, ஊரார் படிப்பதற்குரிய மொழி தமிழே என்று கருதியிருக்கின்றனர்.

இன்னும் தொன்மையான சான்றும் உண்டு. முன்சிறைக்கு அருகிலுள்ள பார்த்திவபுரத்தில் ஆய் மன்னன் கோக்கருநந்தடக்கன் 866-ஆம் ஆண்டில் ஒரு விஷ்ணு கோயிலை அமைத்து, காந்தளூர்ச் சாலையின் முறையைப் பின்பற்றி, 95 மாணாக்கர் உண்டு உறைந்து கற்பதற்கு ஒரு சாலையையும் நிறுவினான். கோயிலுக்குரிய நிலத்தை முன்சிறைச் சபையாரிடமிருந்து மாற்று நிலம் கொடுத்தே பெற்றான்; அரசன் ஆதலின் வாளா எடுத்துக்கொள்ளவில்லை. இவற்றைக் கூறும் செப்பேடுகள் திருவனந்தபுரத்து ஹுஜூர் கச்சேரியில் இருந்தமையால் ஹுஜூர் அலுவலகச் செப்பேடுகள் என்றே பெயர் பெற்றன. திருவிதாங்கூர்த் தொல்பொருள் துறையைச் சார்ந்த து. அ. கோபிநாத ராவ் அவற்றைப் பதிப்பித்தார். கோயில் இன்று எல்லைக்கு இப்பால். அதனை நாம் அறிய உதவிய ஏடு தங்கியிருந்தது எல்லைக்கு அப்பால். ஒன்றில்லாமல் மற்றொன்றுக்குப் பொருள் ஏது? சிதறால் மலையிலுள்ள சமணர் சிற்பங்களும் இவ்வாய் மன்னர் காலத்தையே சார்ந்தவை. அவற்றைப் பற்றிப் பிறிதொரு சமயம் விரிவாகப் பேசலாம்.

இனிக் கேரளப் பகுதிக்கு வருவோம். நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணன் கோயிலில் 'அம்மச்சிப் பிலாவு' என்னும் பலா மரத்தின் அடிப்பகுதி பாதுகாக்கப்பட்டுள்ளது. எட்டுவீட்டுப் பிள்ளைமாருக்கு அஞ்சி ஓடிய இளம் மார்த்தாண்ட வர்மர் இதன் பொந்தில் ஒளிந்து உயிர் தப்பினார் என்பது செவிவழிச் செய்தி. திருவனந்தபுரத்தில் 1855-இல் தொடங்கப்பெற்ற பொருட்காட்சி சாலைக்கு இப்போதுள்ள அழகிய மாளிகை 1880-இல் கட்டி முடிக்கப்பட்டது. சென்னை ஆளுநராயிருந்த நேப்பியர் பிரபுவின் பெயர் அதற்கு. அமைத்தவர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தையும் அமைத்த சிஸம் துரை.

இதற்கு மூன்றாண்டு முன்னர், 1852-இல், ஜெர்மானிய நாட்டு நூரம்பர்க் நகரில் ஒரு பொருட்காட்சி சாலை நிறுவப்பெற்றது. அதனை இங்கு நினைவுகூர்வதற்குக் காரணம் உண்டு. அன்று ஜெர்மனி என்ற ஒரே அரசு கிடையாது. சிற்றரசுகளும் பேரரசுகளுமாகப் பல எல்லைகள். ஒற்றுமை ஏற்பட்டது 1871-இல்தான். ஆயினும் அவுஃப்ஸெஸ் என்னும் பிரபு, ஜெர்மன் மொழி வழங்கும் நிலங்கள் அனைத்தின் கலைச்செல்வங்களையும் எந்த அரசின் எல்லை என்று பாராமல் ஒரே கூரையின் கீழ்ச் சேர்க்க முற்பட்டார். பழைய மடம் ஒன்று அதற்கு இடமாயிற்று. இன்று உலகில் எஞ்சியுள்ள பூகோள உருண்டைகளில் மிகப் பழையதாகிய பெஹைமின் உருண்டை அங்கேயே இருக்கிறது. கொலம்பஸ் திரும்பி வருமுன் வகுக்கப்பட்டமையால் அதில் அமெரிக்கா இல்லை. 1945 ஜனவரியில் விமானக் குண்டுகளால் பழைய நகரம் பெரும்பாலும் பாழாயிற்று. நகரத்தார் கோயில்களையும் கோட்டையையும் மதிலையும் பழைய வடிவிலேயே மீண்டும் எழுப்பினர்.

நம் எல்லையோரத்துச் சின்னங்களை அவ்வாறு ஒரே கூரையின் கீழ்க் கொணர இயலாது, வேண்டுவதும் இல்லை. அவற்றை இணைக்க ஒரு சாலை இருக்கிறது. தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறிய பின்னரும் நவராத்திரி வழிபாட்டின் மரபு அறுபடவில்லை. ஆண்டுதோறும் பத்மநாபபுரத்துச் சரசுவதி தேவி யானை மீதும், வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் உடனாகவும் புறப்படுகின்றனர். அத்தேவியைக் கம்பர் பூசித்ததாக ஐதிகம். உப்பிரிகை மாளிகையிலிருந்து மன்னரின் உடைவாளும் முன்னே செல்கிறது. முதல் இரவு குழித்துறையில். மறுநாள் களியக்காவிளையில் கேரளத்து அதிகாரிகள் எதிர்கொண்டு வரவேற்பர். இரு மாநிலத்துக் காவலரும் அணிவகுத்து மரியாதை செய்வர்.

அங்கிருந்து பாறசாலை வழியாக நெய்யாற்றின்கரையை நோக்கி ஊர்வலம் செல்லும்போது, தனுவச்சபுரத்து மக்கள் பெருஞ்சாலைக்கு வந்து காத்து நிற்கின்றனர். நம் மாமாவும் அறுபது ஆண்டுகளாகத் தவறாமல் நிற்பவர். யானையின் மணியோசை கேட்டதும் அவர் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். நமக்கும் அப்படியே செய்யும்படி சைகை காட்டினார்.