ஈஸ்டர் லில்லியும் ஒரு போரும்

அமெரிக்கா, கனடா நாட்டுக் கோயில்களில் உயிர்த்த ஞாயிறு பூசையைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு அந்த வெள்ளைப் பூ நினைவிருக்கும். எக்காளம் போல நீண்டு வாய் விரிந்த பூ. தொட்டியோடு பீடத்தின் முன் வரிசையாக வைத்திருப்பார்கள். ஆங்கிலத்தில் ஈஸ்டர் லில்லி, பிரெஞ்சில் 'லிஸ் த பாக்'. பெயரைக் கேட்டு ஐரோப்பியப் பூ என்று எண்ணிவிட வேண்டாம். அதன் பிறந்த மண் ஒக்கினாவா அடங்கிய ஜப்பானின் ரியூக்யூ தீவுகளும் தைவானும்தான்.

இந்தப் பூவை வளர்ப்பவருக்குப் பெரிய தலைவலி பஞ்சாங்கம். மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்னோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். ஆகவே அது மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எந்த ஞாயிறிலும் வரலாம். 2024-இல் மார்ச் 31, மறு ஆண்டே ஏப்ரல் 20. அரசு அலுவலகத்தில் எங்களுக்குக் கணக்கு முடிக்கும் மார்ச் 31 ஒருநாளும் நகர்ந்ததில்லை. அவர்களுக்கோ கெடு ஆண்டுதோறும் மாறும். போதாக்குறைக்கு, குளிர் நாட்டுத் தோட்டத்தில் இந்த லில்லி தன்போக்கில் பூப்பது கோடையில்தான்.

அதனால் செடியை ஏமாற்றித்தான் பூக்க வைக்கிறார்கள். இலையுதிர் காலத்தில் தோண்டிய கிழங்கை ஆறு வாரம் போலக் குளிரில் வைப்பார்கள். குளிர்காலம் கழிந்தது என்று கிழங்கு நினைத்துக்கொள்ளும். பிறகு கண்ணாடிக் கூடத்தில் தொட்டிகளில் வளர்ப்பார்கள். நடுவில் சில செடிகளைப் பிரித்துப் பார்த்து, இன்னும் விரியாத இலைகள் எத்தனை, மிச்சமிருக்கும் நாட்கள் எத்தனை என்று கணக்கிடுவார்கள். செடி பின்தங்கினால் கூடத்தின் வெப்பத்தைக் கூட்டுவார்கள், முந்தினால் குறைப்பார்கள். மொட்டு கண்ணில் பட்டதிலிருந்து மலர ஏறக்குறைய ஐந்து வாரம் ஆகும். பூ விரியும் முன்பே, மொட்டு வெளுத்து உப்பியிருக்கும் பக்குவத்தில் கடைக்குப் போய்விட வேண்டும். முகூர்த்தம் கழிந்த மறுநாள் மல்லிகை விலை என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். இங்கேயும் அதே கதைதான்.

இனி வரலாற்றுக்கு வருவோம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவுக்கு இந்தக் கிழங்குகள் பெர்முடா தீவிலிருந்து போயின. அங்கே நோய் தாக்கிப் பயிர் அழியவே, வியாபாரம் ஜப்பான் கைக்கு மாறியது. 1919-இல் லூயி ஹௌட்டன் என்பவர் ஒரு பெட்டி நிறையக் கிழங்குகளை ஓரிகான் மாநிலத்தின் தென் கடற்கரைக்குக் கொண்டுபோய் நண்பர்களுக்கும் அண்டை வீட்டாருக்கும் கொடுத்தார். அவர்களில் பலருக்கு அது வீட்டுத் தோட்டப் பொழுதுபோக்காகவே இருந்தது.

1941 டிசம்பர் 7 அன்று பேர்ல் துறைமுகத்தில் குண்டு விழுந்தது. ஜப்பானியக் கிழங்கு வரத்து அடியோடு நின்றது. கடற்கரைக்காரர்கள் பொழுதுபோக்காக வளர்த்த கிழங்குக்குத் திடீரென்று 'வெள்ளைத் தங்கம்' என்று பெயர் வந்தது. 1945-க்குள் பசிபிக் கரையில் சுமார் 1,200 பேர் இதைப் பயிரிட்டார்கள்.

அதே 1945-இல் ஈஸ்டர் வந்தது ஏப்ரல் 1 அன்று. அமெரிக்கக் கோயில்களில் பீடமெங்கும் லில்லி. அந்த ஞாயிறன்றுதான் அமெரிக்கப் படை ஒக்கினாவாவில் கரை இறங்கியது. ஜூன் கடைசி வரை நீடித்த அந்தப் போரில் படையினரும் தீவு மக்களுமாக இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். லில்லி தானாக முளைக்கும் மண்ணில் இப்படி ஓர் உயிர்த்த ஞாயிறு. பீடத்துப் பூவைப் பார்த்து ஜெபித்தவர்களில் எத்தனை பேருக்கு அதன் ஊர் தெரிந்திருக்கும்?

போருக்குப் பின் அந்த 1,200 பேரும் மெல்ல மெல்லக் குறைந்துபோனார்கள். கிழங்கு விற்பனைக்குத் தேற மூன்று, நான்கு ஆண்டு ஆகும். ஆண்டுதோறும் தோண்டித் தோண்டி மறுபடி நட வேண்டும். விற்பனையோ ஆண்டில் இரண்டே வாரம். இன்று கலிபோர்னியா, ஓரிகான் எல்லையில் ஸ்மித் ரிவர், புரூக்கிங்ஸ் ஊர்களைச் சுற்றி விரல்விட்டு எண்ணும் குடும்பங்கள்தான் மிச்சம்.

வெளிநாட்டில் இருக்கும் உங்கள் பிள்ளைகள் இந்தத் தொட்டியை வாங்கினால் இரண்டு செய்தி சொல்லுங்கள். பூ விரிந்ததும் உள்ளிருக்கும் மஞ்சள் மகரந்தப் பைகளைக் கிள்ளிவிட்டால் இதழில் கறை படியாது, பூவும் கூடுதல் நாள் நிற்கும். வீட்டில் பூனை இருந்தால் இந்தச் செடியே வேண்டாம். பூனையின் சிறுநீரகத்துக்கு இது நஞ்சு.